விலாவிலிருந்து வந்த கை

கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் குரல் முன்னைப் போல எட்டாது. காலை மடக்க முடியாதவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு கையின் கதை சொல்கிறேன். கழுத்தோடு உறவு அறுந்துபோய், விலாவோடு புது உறவு வைத்துக்கொண்ட கை அது. ஒரே ஒரு வேண்டுகோள். யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டாம். ஏன் என்று பின்னால் உங்களுக்கே தெரியும்.

என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு. கடை நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. சுவரோரம் கண்ணாடிப் பலகைகள் நெற்றி சாய்த்து நிற்கும். மேசை மூலையில் கைக்கு அடக்கமாக ஒரு மண்ணெண்ணெய் டப்பா. கண்ணாடி வெட்டும் கட்டரின் சக்கரத்தை அதில் முக்கி எடுத்துத்தான் கோடு இழுப்பார்கள்; அந்தக் கோட்டில்தான் கண்ணாடி பிளக்கும். கடை முழுக்க அந்த வாசனைதான்.

கடைக்காரருக்குத் தெருவில் ‘அரைமில்லி’ என்று பேர். யாராவது ஜன்னல் அளவு கொண்டுவந்து, “ஏறக்குறைய இருபது அங்குலம்” என்று சொல்லிவிட்டால் போதும். “ஏறக்குறையன்னா ஏறவா குறையவா? ஏறினா சட்டத்துல உட்காராது, குறைஞ்சா காத்து வரும். போய் ஒழுங்கா அளந்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அரை மில்லிமீட்டருக்காக மனிதர் அரை மணி நேரம் சண்டை போடுவார். ஆனால் அவர் வெட்டிய கண்ணாடி சட்டத்தில் போய் உட்கார்ந்தால், அங்கேயே பிறந்ததுபோல் இருக்கும்.

அவர் கோடு இழுப்பதை நான் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஸ்கேலை இடது கையால் அழுத்துவார். வலது கையில் கட்டர். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சின்னதாக மூச்சு இழுப்பார். அப்படியே பிடித்துக்கொள்வார். உதடு ஒட்டிக்கொள்ளும், மூக்குத் துவாரம் சுருங்கும், கண் இடுங்கும். பிறகு ஒரே இழுப்பு. புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். மேசையின் அந்தக் கோடியில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர் மனைவியும் கூடவே மூச்சைப் பிடிப்பாள். வாங்க வந்தவர்களும் பிடிப்பார்கள். ஒரு நடுக்கம் வந்தால் பலகை பாழ். கோடு முடிந்ததும் கடையே சேர்ந்து மூச்சு விடும். முப்பது வருஷமாக அப்படி.

அந்தக் கைதான் போயிற்று.

ஒரு மழைக்காலக் காலை. ஜன்னலுக்குப் போடும் ரப்பர் சுருளை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தவர், ஈரத் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். தலை ஒரு பக்கம், வலது தோள் ஒரு பக்கம் என்று இழுபட்டு விழுந்திருக்கிறார். தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியது. எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்ட பிறகுதான் அவர் சொன்னார்: “கை எங்கே? எனக்குக் கை இருக்கிற மாதிரியே தெரியலையே.”

கை இருந்தது. தோளிலிருந்து ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டு இருந்தது. விரல்களில் மட்டும் பாதி உயிர். ஒரு துணிக் கிளிப்பைப் பிடித்தால் அது நழுவாத அளவுக்கு.

இரண்டு மாதம் ‘தானாக வரும்’ என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பிறகுதான் யாரோ சொல்லி, நரம்பு தைக்கிற ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். கூடப் போனது மனைவியும், மனைவியின் தம்பியும். தம்பி பஸ் ஓட்டுகிறவன். சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும் என்பதால் அவனுக்கு ‘ஹாரன்’ என்று பேர். டாக்டர் சொன்னதையெல்லாம் அவன் வந்து எனக்குச் சொன்னான். தெருவுக்கே சொன்னான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஒட்ட முடியாதா டாக்டர்?” என்று கண்ணாடிக்காரர் கேட்டாராம்.

“அறுந்த நரம்புன்னா முனையோட முனை சேர்த்துத் தைக்கலாம். இது அறுந்துபோகலை. கழுத்துக்குள்ள தண்டுவடத்துலேருந்து வேரோட பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. திருப்பி அங்கே நட முடியாது.”

“அப்போ?”

“பக்கத்துலேருந்து கொண்டுவரணும். விலா எலும்புக்கு நடுவுல, மூச்சுக்கு உதவுற நரம்பு வரிசையா இருக்கு. அதுல மூணை எடுத்து, அக்குள் வழியாத் திருப்பி, முழங்கையை மடக்குற தசைக்குப் போற நரம்போட தைப்பேன். தோளுக்குத் தனியா, தோளைக் குலுக்குற நரம்புலேருந்து ஒரு கிளை.”

“அப்ப மூச்சு?” இது மனைவி.

“மூச்சுக்கு மீதி நிறைய இருக்கும்மா. பயப்படாதீங்க.”

ஹாரனுக்கு வாய் சும்மா இருக்குமா? “அப்ப மாமா மூச்சு இழுத்தா கை எழுந்திரிக்குமா டாக்டர்?” என்று சிரித்திருக்கிறான்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஆமா. முதல்ல அப்படித்தான் எழுந்திரிக்கும். அந்த நரம்புக்குத் தெரிஞ்ச வேலை மூச்சுதானே? அந்த நேரத்துல கையை மடக்கி மடக்கிப் பழக்கணும். பழகப் பழக, அந்த நரம்புக்கு வேலை மாறிடுச்சுன்னு மூளைக்குப் புரியும்.”

கண்ணாடிக்காரர் வேறொன்று கேட்டார். “தைக்கிற நூல் எவ்வளவு கனம்?”

“முடியைவிடச் சன்னம். புள்ளி பூஜ்யம் ரெண்டு மில்லி. கண்ணால பார்த்துத் தைக்க முடியாது, பெரிசாக் காட்டுற கண்ணாடி வழியாத்தான் தைப்பேன்.”

“புள்ளி பூஜ்யம் ரெண்டா!” என்று அவர் சொன்னது, ரொம்ப நாள் பிரிந்திருந்த சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்ததாம். அங்கேயே சம்மதித்துவிட்டார்.

காலையில் உள்ளே கொண்டுபோனவரைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மூன்று வாரம் கையை மார்போடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். இருமினால் விலாத் தையல் சுண்டி இழுக்கும். அதனால் இருமலை விழுங்கப் பழகினார். தும்மல் வந்தால் மூக்கைக் கிள்ளிக்கொள்வார். ஹாரன் ஏதாவது சொல்லிச் சிரிப்பு வந்தால், “போடா அந்தப் பக்கம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தைத்த இடத்திலிருந்து நரம்பு தசைக்குள் வளர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நூற்று முப்பது மில்லி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு யாரிடம் சொன்னாலும் மறந்துபோவார்கள். சொன்னது யாரிடம்? நூற்று முப்பது மில்லி நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டையை மனைவியை வெட்டச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டி, கண்ணாடியில் எழுதுகிற பென்சிலால் தினம் காலையில் இடது கையால் ஒரு கோடு போட ஆரம்பித்தார்.

“மாமா, என் பஸ் ஊர்ந்து போகுதுன்னு எத்தனை தடவை திட்டியிருக்கீங்க. இதைப் பார்த்தா என் பஸ் தங்கம்.”

“நீ வாயை மூடு மாப்ளே. அது நிக்காம வருது. உன் பஸ் நின்னு நின்னு வருது.”

அந்த மாதங்களில் நம்பிக்கை இருந்தது. வேலை மட்டும்தான் நாசம். இடது கையால் அவரே வெட்டிப் பார்த்தார். இடது கையில் கட்டர் என்றால் ஸ்கேலை யார் பிடிப்பது? முழங்காலால் பிடிக்கப் போய் ஒரு பலகை உடைந்தது. அதற்குப் பிறகு மனைவி கட்டரை எடுத்தாள். மேசையின் அந்தக் கோடியில் முப்பது வருஷம் நின்றவள் இந்தக் கோடிக்கு வந்தாள். அவர் எதிரே நின்று பேசிக்கொண்டே இருப்பார்.

“மணிக்கட்டை மடிக்காதே.”

“மடிக்கலைங்க.”

“சத்தத்தைக் கேளு. கரகரன்னா அழுத்தம் ஜாஸ்தி.”

“எனக்குக் கேக்கறது உங்க சத்தம்தான். கண்ணாடிச் சத்தம் எங்கே கேக்குது?”

“மூச்சைப் பிடி!”

“நீங்க பேச்சை நிறுத்துங்க, நான் மூச்சைப் பிடிக்கிறேன்.”

அவள் வெட்டியது நன்றாகத்தான் இருந்தது. ஒரு மில்லி, ஒன்றரை மில்லி அப்படி இப்படி போகும். வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத்தான் அந்த ஒன்றரை மில்லி கண்ணில் விழுந்த தூசு மாதிரி உறுத்தும். மேலே போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை இடது கையால் கரண்டியில் அள்ள வேண்டும். பாதி தட்டுக்கு வெளியே. “நான் ஊட்டட்டுமா?” என்று அவள் ஒரு நாள் கேட்டுவிட்டாள். கரண்டி போய்ச் சுவரில் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. சாதத்தைக் குழைய வடித்து, காய்களைச் சின்னச் சின்னதாக நறுக்கி, கரண்டிக்குத் தோதாக வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள்.

கண்ணாடிப் பட்டையில் நூற்று முப்பதாவது கோடு விழுந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மரியாதைக்காக நானும் போயிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தாங்கும் துணித் தூளியைக் கழற்றி, கையை மேசைமேல் வைத்து, “வா” என்றார்.

கை வரவில்லை.

“இன்னிக்குத்தானே வந்து சேர்ந்திருக்கு. களைப்பா இருக்கும்” என்றான் ஹாரன். யாரும் சிரிக்கவில்லை.

பட்டை முடிந்துபோனதால் அவர் சுவரிலேயே கோடு போட ஆரம்பித்தார். நூற்று நாற்பது. நூற்று ஐம்பது. நூற்று எழுபது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே ஒரு பெண், ஒரே நேரத்தில் இருபது பேருக்குக் கை காலைப் பழக்குகிறவள், “நல்லா மூச்சு இழுத்து மடக்குங்க சார், விடாமச் செய்யுங்க சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுவாள். வீட்டில் காலை நூறு, மாலை நூறு. நான் என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். மனிதர் கையை முறைத்துக்கொண்டே இருப்பார். கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும். கை, யாரோ கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடக்கும்.

“சம்பளம் இல்லாத வேலைக்காரன்கூடச் சொன்னதுல பாதி செய்வான்” என்று அதைத் திட்டுவார். “தண்டச்சோறு! தூக்கிக் குளிப்பாட்டுறேன், துடைக்கிறேன், பவுடர் போடறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஆடித் தொலைச்சா என்ன?”

ஒரு விடுமுறை நாள் மதியம், மனைவி அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேல்கைத் தசையைப் பிடித்து அமுக்கினாள்.

“ஆ!”

“என்னங்க?”

“விலாவுல வலிக்குது.”

“நான் விலாவைத் தொடவே இல்லையே. கையைத்தானே பிடிச்சேன்?”

“எனக்குத் தெரியாதா எங்கே வலிக்குதுன்னு? இதோ, இடுக்குல. சுரீர்னு.”

மறுபடி அமுக்கினாள். மறுபடி விலாவில் சுரீர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலாவுக்குள்ளே என்ன இருக்கிறது? நெஞ்சு. நெஞ்சுக்குள்ளே என்ன இருக்கிறது? இதயம் இடது பக்கம், வலி வலது பக்கம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

“யார்கிட்டயும் மூச்சு விடாதே. நெஞ்சு வலின்னா படுக்கப் போட்டுடுவாங்க” என்றார் அவர். அவள் பதினைந்து நாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. ஆனால் தம்பியிடம் மட்டும் சொல்லி அழுதாள். ஹாரனிடம் சொன்னது எங்கே நிற்கும்? அடுத்த தடவை பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இருபது பேர் நடுவே, “கையைத் தொட்டா மாமாவுக்கு நெஞ்சு அடைக்குது!” என்று முழங்கிவிட்டான்.

பயிற்சிப் பெண் ஓடிவந்தாள். தசையை அமுக்கிப் பார்த்தாள். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டார். அவள் கைதட்டினாள்.

“இது எவ்வளவு நல்ல விஷயம் தெரியுமா சார்! நரம்பு தசைக்கு வந்து சேர்ந்துடுச்சு. உங்க மூளை இன்னும் அதை விலான்னே நினைச்சுக்கிட்டு இருக்கு, அதனாலதான் அங்கே வலிக்குது. இதை மறைச்சு வெச்சிருந்தீங்களே!”

நல்ல செய்திதான். ஆனால் அதற்குப் பின்னால்தான் வீட்டில் நிஜமான இருட்டு வந்தது. வராத வரைக்கும் வழியில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். வந்து சேர்ந்துவிட்டது, வாசலில் நிற்கிறது, ஆனால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது என்றால்? மேலும் ஐந்து வாரம். காலை நூறு, மாலை நூறு. சுவர்க் கோடு இருநூற்று இருபதைத் தாண்டியது.

டாக்டர் இப்போது தேதி சொல்லிவிட்டார். “தசை ரொம்ப நாள் சும்மா கிடந்தா நரம்பு வந்தும் பிரயோஜனம் இல்லை. அடுத்த மாசம் வாங்க. அதுக்குள்ள ஒரு துடிப்பாவது தெரியணும். இல்லைன்னா தொடையிலேருந்து ஒரு தசையை எடுத்து இங்கே வைக்கிறதைப் பத்தி யோசிப்போம்.”

வீடு வந்து சேர்ந்ததும் வெடித்தார். “முதல்ல விலா. இப்ப தொடை. என்னைப் பிரிச்சுப் பிரிச்சு இந்தக் கைக்கே போட்டுட்டு, கடைசியில கையை மட்டும் வீட்டுக்கு அனுப்புவாங்க. நான் அடுத்த மாசம் வரலை.”

“வரலைன்னா?” என்றாள் மனைவி.

“வரலைன்னா வரலை. இப்படியே தொங்கட்டும்.”

“உங்களுக்கென்ன, தொங்கவிட்டுட்டு எதிரே நின்னு என்னைத் திட்டிக்கிட்டிருப்பீங்க. நான்தான் ரெண்டு கைக்கும் சேர்த்துத் திட்டு வாங்கணும்.”

“நீ ஒழுங்கா வெட்டினா நான் ஏன் திட்டறேன்?”

இப்படியே மூன்று வாரம் போயிற்று. பயிற்சியையும் விட்டுவிட்டார். சுவரில் கோடு போடுவதையும் விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அளவெடுப்பதை அந்த மனிதர் விட்டுவிட்டார் என்றால், அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது?

சலூன்காரர் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டிருந்தார், ஆள் உயரத்துக்கு. மனைவி பலகையை மேசைமேல் படுக்க வைத்தாள். பளபளப்பு மேலே பார்த்தபடி கிடந்தது. விட்டத்து மின்விசிறி அதற்குள் சுற்றியது. அவர் எதிர்ப்பக்கம் வந்து குனிந்து நின்றார். குனிந்தவரின் முகமும் தூளியில் கிடந்த கையும் கண்ணாடிக்குள் அண்ணாந்து பார்த்தன.

அவள் கட்டரை மண்ணெண்ணெயில் முக்கினாள். ஸ்கேலை அழுத்தினாள். மூச்சைப் பிடித்தாள். அவரும் பிடித்தார். நான் அன்றைக்கு அலமாரிக் கதவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி வாங்க வந்து வாசலில் நின்றிருந்தேன். நானும் பிடித்தேன்.

கோடு நேராக வந்தது. சத்தம் சீராக வந்தது. முடிவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவள் கை களைத்துவிட்டது. ஓரம் வரை இழுக்காமல் கட்டரைத் தூக்கிவிட்டாள்.

அவர் திட்டுவதற்காக நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தார். அந்த ஐந்து வாரக் கோபம், அந்தத் தொடை, அந்தக் கரண்டி, எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தார்.

அவள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. கண் கண்ணாடிமேலேயே இருந்தது. கண்ணாடிக்குள், தூளி அசைந்தது. தூளிக்குள்ளிருந்து விரல் நுனிகள் மேலே ஏறி, உடனே இறங்கின.

“அறிவிருக்கா உனக்கு! ஓரம் வரைக்கும் இழுக்காம...” என்று அவர் ஆரம்பித்தார்.

“இன்னொரு தடவை” என்றாள் அவள்.

“என்ன இன்னொரு தடவை? ஒரு கோட்டு மேல மறுபடி இழுத்தா பலகை போயிடும்னு எத்தனை தடவை...”

“கோடு இல்லைங்க. திட்டு. இன்னொரு தடவை திட்டுங்க. இப்ப இழுத்தீங்களே மூச்சு, அதே மாதிரி நல்லா இழுத்துட்டுத் திட்டுங்க.”

“உனக்கு என்ன பைத்தியமா?”

“உங்க கை ஆடிச்சு! நான் பார்த்தேன், கண்ணாடியில பார்த்தேன்!”

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். தூளியைக் கழற்றினார். கையை மேசைமேல் வைத்தார். முறைத்தார். முகம் சிவந்தது, கழுத்து புடைத்தது. கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“ஆடிச்சாம் ஆடிச்சு! மின்விசிறிக் காத்துல தூளி ஆடியிருக்கும். என்னைக் கேலி பண்ண உனக்கும் உன் தம்பிக்கும்...”

அவள் கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டின உதடு. சுருங்கின மூக்கு. இடுங்கின கண்.

“இந்த மூஞ்சியை எனக்குத் தெரியும்” என்றாள் மெதுவாக. “முப்பது வருஷமா மேசைக்கு அந்தப் பக்கத்துலேருந்து பார்த்த மூஞ்சி. நீங்க கையை மடக்கலை. கோடு இழுக்கறீங்க.”

“என்ன சொல்றே?”

“துளியூண்டு மூச்சு இழுக்கறீங்க. பிடிக்கறீங்க. பிடிச்சுட்டு, அப்புறம்தான் கையைக் கூப்பிடறீங்க. கட்டரை வெக்கிற மாதிரியே. மூச்சு நின்னுபோச்சுன்னா அந்த நரம்புக்கு என்ன வேலை? அது எப்படி எழுந்திரிக்கும்?”

மூன்று மாதம். காலை நூறு, மாலை நூறு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. அதுதான் கொடுமை. ‘பிடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது’ என்று நினைத்துக்கொண்டே கையைப் பார்ப்பார். பார்த்த நொடியில் மூச்சு தானாக நின்றுவிடும். முப்பது வருஷம் கண்ணாடி சொல்லிக்கொடுத்த பாடம். வேலை என்றால் மூச்சு நிற்கும். நாலு நாள் இதே கூத்து. “என் மூச்சே எனக்குச் சத்துருவாப் போச்சு” என்று மேசையைக் குத்தினார், இடது கையால்.

ஐந்தாவது நாள் ஹாரன் வந்தான். அக்கா அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். வந்தவன் கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு கண்ணாடித் துண்டைத் தூக்கிப் பார்த்து, கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்:

“ஏன் மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அரை மில்லி கூடக் குறைய இருந்தாத்தான் என்ன இப்போ? யார் பார்க்கப் போறாங்க?”

அடேயப்பா! அந்த மனிதர் இழுத்த மூச்சில் கடைக் காகிதங்கள் எல்லாம் பறந்திருக்க வேண்டும். “என்னடா சொன்னே?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், மேசைமேல் கிடந்த கை முழங்கையில் மடங்கி, ஒரு சாண் எழும்பி, தொப்பென்று விழுந்தது.

கட்டுப்படுத்த முடியாமல் அவர் சிரித்தார். சிரிப்புக்கு மூச்சு இழுக்க, கை மறுபடி எழுந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு. கை எழுவதும் விழுவதுமாக, விலாவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. மனைவி கண்ணாடி துடைக்கிற துணியால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

டாக்டரிடம் போனார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும், பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. டாக்டர் தசைமேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, “மடக்குங்க” என்றார். உதடு ஒட்டியது, மூக்கு சுருங்கியது. ஒன்றும் இல்லை. டாக்டர் முகம் வாடியது.

“டாக்டர், அவரைக் கொஞ்சம் கோபப்படுத்துங்க” என்றாள் மனைவி.

“எப்படிம்மா?”

“நரம்பைத் தைக்கும்போது ஒரு மில்லி தள்ளித்தான் தைச்சேன், அதனால என்னன்னு சொல்லுங்க.”

டாக்டர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரிடம் திரும்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் அப்படியே சொன்னார்.

“என்னது!” என்று அவர் மூச்சை இழுத்தார்.

டாக்டர் தன் விரலுக்குக் கீழே துள்ளிய தசையை விட்டுக் கையை எடுக்காமல் சொன்னார்: “போதும். தொடை வேண்டாம். வீட்டுக்குப் போங்க. தினமும் திட்டுங்க.”

இத்தோடு கதையை முடித்திருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் உங்களிடம் நான் பொய் சொல்வதில்லை.

ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது அந்தக் கை மடங்குகிறது. டீக் கோப்பையை மேசையிலிருந்து வாய்க்குப் பாதி தூரம் கொண்டுவரும், மீதிப் பாதிக்கு வாய் இறங்கி வரும். தோள் பக்கவாட்டில் கொஞ்சம் விலகும், தலைக்குமேல் போகாது. சோற்றுக்கு இன்னும் கரண்டிதான், ஆனால் கரண்டி சுவரில் அடிப்பதில்லை. ஆனால் கட்டர்? அதைப் பிடித்துக் கோடு இழுத்துப் பார்த்தார். ஒரு நாள் இல்லை, நாற்பது நாள் பார்த்தார். மூச்சைப் பிடித்தால் கை செத்துவிடுகிறது. மூச்சை இழுத்தால் கை எழுகிறது, கோடு நடுங்குகிறது.

“மூச்சு இருந்தா கை இருக்கு, கோடு இல்லை. மூச்சைப் பிடிச்சா கோடு இருக்கு, கை இல்லை” என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். “யாரு தைச்சது என்னை இப்படி எதிரும் புதிருமா?”

“போகப் போக ரெண்டும் பிரிஞ்சுடும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? ரெண்டு வருஷம், மூணு வருஷம்...” என்றேன்.

“ஏறக்குறைய ரெண்டா, ஏறக்குறைய மூணா?” என்று முறைத்தார்.

நேற்று அலமாரிக்கு இன்னொரு கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். மனைவி கட்டரோடு நின்றாள். மண்ணெண்ணெய் டப்பா மேசை மூலையில் இல்லை. அவர் வலது கையில் இருந்தது. பாதி உயிர் உள்ள விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன. அவள் கட்டரை நீட்டினாள். அவர் புஸ்ஸென்று மூச்சை இழுத்தார். கை மடங்கி, டப்பா அவள் கைக்கு நேராக எழுந்து வந்தது. அவள் முக்கிக்கொண்டாள். அவர் மூச்சை விட, டப்பா இறங்கியது.

அவள் ஸ்கேலை அழுத்தி, மூச்சைப் பிடித்து, கோடு இழுத்தாள். அந்த நேரத்தில் கடையில் கேட்ட ஒரே மூச்சுச் சத்தம் அவருடையது. அவர் பிடிக்கவில்லை. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று துருத்தி மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். கோடு ஓரம் வரைக்கும் போய் முடிந்தது. அவர் குனிந்து, இடது கையால் அளந்து பார்த்தார்.

“எவ்வளவு?” என்றாள்.

“அரை மில்லி.”

“கூடவா, குறையவா?”

அவர் மூச்சை இழுத்தார். டப்பா எழுந்து வந்தது, அடுத்த கோட்டுக்கு.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், விளக்கேற்றுகிற நேரம் ஆயிற்று. உங்கள் வீட்டில் யார் கையும் தளராமல் இருக்கட்டும். தளர்ந்தாலும், எதிர்ப்பக்கம் நின்று முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிற ஒருவர் உங்களுக்கு இருக்கட்டும். கோபம் வந்தால் அதுவும் ஏதாவது ஒன்றைத் தூக்கி நிறுத்தட்டும். நீங்களும் உங்கள் குழந்தைகளும் பெரியவர்களும் தட்டில் சோறும் நெஞ்சு நிறைய மூச்சுமாக நல்லா இருங்கள்.